செம்பருத்தி ஏறிய பஸ்

டிப்போவில் எனக்கு வைத்திருக்கும் பெயர் சடன் பிரேக். இருபத்தாறு வருடமாக எட்டாம் நம்பர் பஸ் ஓட்டுகிறேன். ஒரு ஆளை இடித்ததில்லை, ஒரு நாயை இடித்ததில்லை. ஆனால் நான் பிரேக் போட்டால் கடைசி சீட்டில் இருப்பவர் டிரைவர் பக்கத்தில் வந்து குசலம் விசாரிப்பார் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். குறுக்கே வருகிறவனைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கால் தானாக அமுங்கும். பெயர் வைத்தவன் என் கண்டக்டர். அவனுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது.

சொல்லவந்தது என் மனைவியின் கதை. நடுவில் நான் புகுந்து கெடுத்த பாகத்தை விட்டுவிட்டுச் சொல்ல ஆசைதான், ஆனால் அதை விட்டால் கதையே நிற்காது.

அவள் பத்தொன்பது வருடம் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தாள். காலர் மட்டும். கை தைப்பது வேறொருத்தி, பொத்தான் வைப்பது இன்னொருத்தி. ஒருநாள் காலையில் போனால் கதவில் பூட்டு. அதற்குப் பிறகு வீட்டில் இருந்தாள். வீட்டின் பின்பக்கம் ஏழு செம்பருத்திச் செடி, எல்லாம் அவள் குச்சி ஊன்றி வளர்த்தது, தலைக்கு மேல் உயரம். அடுக்குப் பூ இல்லை, ஐந்து இதழ் விரிகிற சிவப்புப் பூ. தினமும் காலையில் காபிக்கு முன்னால் இரண்டு பூவைப் பறித்து, காம்பையும் நடுத்தண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு, இதழை மென்றுகொண்டே செடிகளைச் சுற்றிவருவாள். எனக்கும் நீட்டுவாள். லேசான புளிப்பு, கொஞ்சம் கொழகொழப்பு. எனக்குப் பெரிய ருசி எதுவும் தெரிந்ததில்லை, ஆனாலும் தின்பேன்.

ஊர்க் கோடியில் புதிதாக ஒரு ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் பஸ் அந்த வாசலைத் தாண்டித்தான் போகும். ஒருநாள் இவள் ஒரு டப்பா நிறையப் பூவை எடுத்துக்கொண்டு அந்த ஹோட்டலின் பின்வாசலில் போய் நின்றிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து சொன்னபோது நான் குதித்தேன்.

"டிப்போவுல தெரிஞ்சா என்ன பேசுவாங்க? பின்வாசல்ல போய்ப் பூ விக்கிறதா?"

"முன்வாசல் இன்னும் கட்டி முடிக்கலைங்க" என்றாள்.

அங்கே சமையலுக்குத் தலைவர் ஒரு செஃப். குட்டையான மனிதர், அதிகம் பேசமாட்டார். ஒரு பூவை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, இன்னொன்று எடுத்தாராம். திறப்பு விழா மதிய விருந்துக்கு அறுபது தட்டு. கடைசியில் வைக்கிற இனிப்பில், தட்டுக்கு ஒரு முழுப் பூ, நடுவில் குளிர்ந்த பழக்கூழ் நிரப்பி. அதுவரை ருசி பார்க்க வாரம் பத்துப் பூ. விழா சரியாக வந்தால் அப்புறம் தினமும்.

அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். "பத்தொன்பது வருஷம் காலர் தைச்சேன். ஒரு முழுச் சட்டை தைச்சேன்னு சொல்லிக்க முடியாது. இது முழுசா என்னோடதுங்க. குச்சியில இருந்து பூ வரைக்கும்" என்றாள். அதற்குமேல் நான் பின்வாசல் பேச்சை எடுக்கவில்லை.

இனி என் பாகம்.

செடிகளில் மாவுப்பூச்சி வந்தது. வெள்ளையாக, பஞ்சு ஒட்டியதுபோல், மொட்டுக்கு மொட்டு. அவள் தன் தங்கையைப் பார்க்க இரண்டு நாள் போயிருந்தாள். நான் காலையில் பின்பக்கம் போய்ப் பார்த்தால் எறும்பும் பூச்சியும் கல்யாண வீடுபோல் கூடியிருக்கிறது. அடுத்த நாள்தான் ஹோட்டலுக்குப் பத்துப் பூ போகவேண்டும். அவள் வந்து பார்த்தால் மனசு ஒடிந்துபோவாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. டிப்போவில் பஸ் சீட்டுக்கு அடியில் கரப்பானுக்கு அடிக்கிற மருந்து இருக்கிறது. பம்பு வைத்த டப்பா. ஒரு பஸ்ஸுக்கு ஒரு கப் போதும் என்பார்கள். நான் என் மனைவிமேல் உள்ள பிரியத்தில் ஏழு செடிக்கும் ஒரு டப்பா முழுவதையும் அடித்தேன். இலைக்கு மேலே, இலைக்குக் கீழே, மொட்டு மொட்டாக. இருபத்தாறு வருட டிரைவருக்கு மருந்து என்றால் இது ஒன்றுதான் தெரியும்.

சாயங்காலம் அவள் வந்தாள். நான் மாப்பிள்ளை மாதிரி முன்னால் நடந்து பின்பக்கம் கூட்டிப்போய், "பாரு, ஒரு பூச்சி இருந்தா காட்டு" என்றேன்.

அவள் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தாள். அப்படியே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அடிச்சீங்க?"

சொன்னேன்.

"இதைத் திங்கக் குடுக்கிறோம்னு தெரியாதா உங்களுக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "கழுவினா போயிடாதா?" என்றேன்.

அவள் எழுந்தாள். ஒரு பூவைப் பறித்தாள். குழாயடியில் நன்றாகக் கழுவினாள், உதறினாள், என் கையில் வைத்தாள். "முதல்ல நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

சிவப்பாக, சொட்டச்சொட்ட, அழகாக இருந்தது பூ. வாய்வரை கொண்டுபோனேன். முடியவில்லை. கரப்பான்கள் மல்லாந்து கிடந்த பஸ் தரைதான் கண்ணுக்குள் வந்தது. கையைக் கீழே போட்டேன். அவள் அந்தப் பூவை என் கையிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டாள்.

நான் செய்த இன்னொரு கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் போனை எடுத்தபோது கையைப் பிடித்தேன். "சொல்லாத. இந்த வாரம் பூ பூக்கலைன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்று கையை உதறினாள்.

செஃப்பிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். நான் அடித்தேன் என்றுகூடச் சொல்லவில்லை, "எங்க வீட்டுல அடிச்சுட்டோம்" என்றாள். பிறகு அவர் சொன்னது எனக்கே கேட்டது. "விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு வாரம் இருக்கு. சுத்தமான பூ அறுபது, அன்னைக்குக் காலையில பதினோரு மணிக்குள்ள வரணும். வந்த உடனே முதல் பூவை நான் சாப்பிடுவேன். வரலைன்னா கண்ணாடிக்கூடாரத்துல பூ வளர்க்கிற ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட சொல்லி வைக்கிறேன். கோவிச்சுக்காதீங்கம்மா."

மறுநாள் காலையில் அவள் அரிவாளை எடுத்தாள். ஏழு செடியையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினாள். நான் தடுக்கப் போனேன். "புதுக் கிளையிலதான் பூ வரும். பழசுல இருக்கிற எதையும் நம்பமாட்டேன்" என்றாள். அதுதான் அவள் பேசிய கடைசி வார்த்தை. அப்புறம் பதினோரு நாள் பேச்சு இல்லை. சாப்பாடு வந்தது, தட்டு வைக்கிற சத்தமும் வந்தது. அந்தச் சத்தத்திலேயே எனக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு செடியைச் சுற்றியும் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை எடுத்து மூட்டை கட்டி அப்புறப்படுத்தினேன். புது மண் கொண்டுவந்து போட்டேன். முதுகு விட்டுப்போயிற்று. அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள்.

இந்த நேரம் பார்த்து என் அக்கா வந்தாள். என் அக்காவுக்கு நல்ல மனசு, ஆனால் அதை வாய்வரை வரவிடமாட்டாள். பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது, ஏழு கட்டை நட்டு வச்சிருக்கீங்க? மாடு கட்டப்போறீங்களா?"

"பூக்கும் அண்ணி" என்றாள் என் மனைவி. என்னிடம் இல்லை, அக்காவிடம்.

"பூக்கும், பூக்கும். நானும் திரும்ப வயசுக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டு அக்கா காபி கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்திலிருந்து "இங்க வாங்க" என்று குரல் வந்தது. ஓடினேன். வெட்டின கட்டையின் பக்கவாட்டில், தோலைக் கிழித்துக்கொண்டு, அரிசி அளவுக்குப் பச்சையாக ஒரு புள்ளி. அடுத்ததில் மூன்று. அவள் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. துளிர் வந்ததற்கா, அவள் கூப்பிட்டதற்கா என்று கேட்டால், இரண்டாவதற்குத்தான்.

துளிர் வந்தால் பூச்சியும் வரும், வந்தது. இந்தமுறை நான் பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்தேன். ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர். தினமும் டியூட்டிக்கு முன்னால் ஒரு மணி நேரம், ஒவ்வொரு கணுவாக, ஒவ்வொரு மொட்டாகத் தேய்த்துவிட்டு, நல்ல தண்ணீர் தெளிப்பேன். இந்தச் சங்கதி டிப்போவுக்கு எப்படிப் போனதோ. என் சட்டையில் சோப்பு நுரையைக் கண்டால் போதும், கண்டக்டர் ஆரம்பித்துவிடுவான்.

"என்ன அண்ணே, செடிக்குப் பல் விளக்கியாச்சா? வாய் கொப்புளிக்க வச்சீங்களா?"

"உனக்கும் ஒருநாள் விளக்கிவிடுறேன், வாயைத் திற" என்பேன். ஆனால் பிரஷை நிறுத்தவில்லை.

பத்தாவது வாரம் செடி இடுப்புக்கு வந்தது. முன்னால் ஒரு கிளை இருந்த இடத்தில் இப்போது நான்கு. நுனிக்கு நுனி மொட்டு. விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் ஒவ்வொரு மொட்டாகத் தொட்டுப் பார்த்தாள். செம்பருத்திப் பூவுக்கு ஒருநாள்தான் ஆயுசு. காலையில் விரிந்து சாயங்காலம் சுருங்கிவிடும், இன்றைய பூவை நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது. எது நாளைக்கு விரியும் என்பது மொட்டின் நுனியைப் பார்த்தால் தெரியும் அவளுக்கு. சிவப்பு ஒரு விரல்கணு அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நாளைக்கு. எண்ணி முடித்து நிமிர்ந்தாள்.

"அறுபத்து நாலு."

விழா அன்று காலையில் எழுந்து பார்த்தால் வானம் மூடிக்கிடக்கிறது. குளிர்காற்று. வெயில் இல்லாவிட்டால் செம்பருத்தி சோம்பேறித்தனம் பண்ணும். எட்டு மணிக்குப் பாதிப் பூ வாயே திறக்கவில்லை. எனக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், நான் கிளம்பியாகவேண்டும். அவளுக்கு ஒன்பது மணிக்கு வாடகைக் கார் சொல்லியிருந்தோம். துணைக்கு அக்காவை வரச்சொல்லியிருந்தேன். அவளும் வந்து, "நேத்தே ஊதிப் பெருசாக்கியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டு நின்றாள். என் மனைவி செடிகளுக்கு நடுவில் அசையாமல் நின்றிருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

பத்தடிக்க ஐந்து நிமிடம். எட்டாம் நம்பரை ஓட்டிக்கொண்டு எங்கள் தெருமுனை ஸ்டாப்புக்கு வருகிறேன். அங்கே என் மனைவி நிற்கிறாள், கையில் இரண்டு தட்டு. பக்கத்தில் என் அக்கா, கையில் இரண்டு தட்டு. ஈரத்துணி விரித்து, அதன்மேல் பூக்கள் ஒன்றையொன்று தொடாமல் மல்லாந்து கிடக்கின்றன. எனக்குப் புரிந்துவிட்டது. பூ விரிந்து, பறித்து முடிப்பதற்குள் கார்க்காரன் அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு வேறு சவாரிக்குப் போய்விட்டான்.

அவள் படியேறினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அறுபத்திரண்டு விரிஞ்சுது. இதழ் மடங்கினா தட்டுல வைக்க முடியாது" என்றாள். அவ்வளவுதான். டிப்போவில் என் பெயர் என்னவென்று அவளுக்கும் தெரியும்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. அக்கா ஒரே பார்வையில் முன்சீட்டில் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு தட்டை மடியில் வைத்தாள். பெரிய உடம்புக்காரர் ஒருவர், இரண்டு காலேஜ் பெண்கள், பேங்கில் வேலை செய்கிற ஒரு அம்மா. "விழா விருந்துக்குப் போற பூ. யாரும் தும்மக்கூடாது" என்றாள் அக்கா. பெரிய உடம்புக்காரர் உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

அங்கிருந்து ஹோட்டலுக்குப் பதினோரு வேகத்தடை, மூன்று சிக்னல், ஒரு மார்க்கெட். முதல் வேகத்தடைக்கு நூறு அடி முன்னாலேயே கியரைக் குறைத்தேன். முன்சக்கரம் ஏறி, இறங்கி, பின்சக்கரம் ஏறி, இறங்கி. பின்னால் ஒரு சத்தம் இல்லை. இரண்டாவது, மூன்றாவது. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. இருபத்தாறு வருடத்தில் எனக்கு இப்படி வேர்த்ததில்லை. இவள் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வந்தாலும் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

மார்க்கெட் வந்தது. ஒரு மோட்டார் சைக்கிள்காரன், பின்னால் மூன்று மூட்டை, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு இடதுபக்கச் சந்திலிருந்து தலையை நீட்டுகிறான். வழக்கமாக நான் இப்படிப்பட்டவனைக் கடைசியில்தான் பார்ப்பேன். பார்த்ததும் கோபம் வரும், கால் அமுங்கும். அன்றைக்கு அவனை அவன் வீட்டில் கிளம்பும்போதே பார்த்துவிட்டதுபோல் இருந்தது. கியர் ஒன்று இறக்கினேன், இன்னொன்று இறக்கினேன், பெடலைக் கட்டை விரலால் தடவினேன். அவன் குறுக்கே வந்து, பஸ்ஸைப் பார்த்து விழித்து, ஒரு காலை ஊன்றி, தடுமாறி, ஒருவழியாகப் போய்ச்சேர்ந்தான். பஸ் எப்போது நின்றது, எப்போது திரும்ப நகர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவனை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. கைகூடக் காட்டினேன், போப்பா என்று.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தான். "அண்ணே, ஓட்டறது நீங்கதானா? இல்ல ஆள் மாறிட்டாங்களா?"

"வாயை மூடிட்டு நில்லு. மூச்சுக்காத்து பூவுல படுது" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. மெதுவாகத்தான் சிரித்தது, மடியில் தட்டு வைத்திருந்தவர்களுக்காக.

ஹோட்டல் வாசலில் ஸ்டாப் கிடையாது. ஆனால் வாசல் வந்ததும் கண்டக்டர் நீளமாக விசில் அடித்தான். "பின்டயர்ல காத்து கம்மியா இருக்கிற மாதிரி தெரியுதுண்ணே, பார்த்துடலாம்" என்றான். இத்தனை வருடத்தில் அவன் எனக்குச் செய்த முதல் நல்ல காரியம் அது. மணி பத்து நாற்பது. தட்டுகள் கை மாறி இறங்கின. என் மனைவி ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. பின்வாசலுக்குப் போகிற வழியில் காவலாளி மறித்து, விழாவுக்கு வருகிறவர்கள் எல்லாம் இப்படி என்று திறந்துவிட்டது முன்வாசலை. அக்கா இரண்டு தட்டோடு ராணி மாதிரி உள்ளே போனாள்.

நான் போகமுடியாது, பஸ் இருக்கிறது. கடைசி ஸ்டாப் போய், கையெழுத்துப் போட்டு, திரும்புகிறவரை எனக்குப் பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை.

திரும்பி வரும்போது மணி ஒன்று. ஹோட்டலுக்கு எதிர்ப்பக்கம் அவள் நிற்கிறாள். காலித் தட்டுகள் அக்கா கையில். அவள் கையில் ஒரே ஒரு பூ. பஸ்ஸை ஓரங்கட்டினேன். அவள் படிக்குப் போகாமல் என் ஜன்னலுக்கு வந்தாள்.

"முதல் பூவை எல்லார் முன்னாடியும் நின்னு சாப்பிட்டாரு செஃப்பு. அறுபதும் போச்சுங்க. ஒரு தட்டுலயும் மிச்சம் இல்லை. பூவை ஒதுக்கிவச்சுட்டு இனிப்பை மட்டும் தின்பாங்கன்னு நெனச்சேன், இதழ்வரைக்கும் சாப்பிட்டாங்க. தினமும் இருபது பூ கேட்டிருக்காரு."

"உன் பேரைச் சொன்னாங்களா?"

"கூப்பிட்டு நிக்கவச்சே சொன்னாங்க. இது இவங்க வளர்த்த பூன்னு." அவள் குரல் உடைந்தது. "முழுசா என்னோடதுன்னு."

பின்னால் பஸ்ஸில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்கிறான். அக்கா, "ஏழு கட்டையும் பூத்துடுச்சுடா" என்றாள், ஏதோ அவள்தான் தண்ணீர் ஊற்றியதுபோல்.

என் மனைவி அந்தப் பூவின் நடுத்தண்டைக் கிள்ளிப் போட்டாள். ஜன்னல் வழியாக என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"கழுவலைங்க" என்றாள். "அப்படியே சாப்பிடுங்க."

வாயைத் திறந்தேன்.